கலியாணம் மருந்தாகுமா?

(செஞ்சியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராமச் செவிலி ஒருவர் பேசியதன் முக்கிய பாகம்)



என்னை இன்று பேசும்படி அழைத்தவர்கள் எந்த விஷயத்தைப்பற்றிப் பேசவேண்டும் என்று குறிப்பிடவில்லை. "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார்கள். நான் பெரிய படிப்பாளியல்ல, டாக்டருமல்ல. இந்தச் செஞ்சி வட்டாரத்தில் முப்பது வருஷகாலம் பஸ் போகிற ஊருக்கு பஸ்ஸிலும், போகாத ஊருக்கு நடந்தும் போய், குழந்தைகளுக்கு ஊசி போட்டும், பிரசவம் பார்த்தும் காலந்தள்ளிய ஒரு செவிலி. ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் பெண்களின் உடம்பைப்பற்றிய சங்கதிதான். அதிலும், வீட்டிற்குள் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகின்ற ஒரு சங்கதியை இன்று கதவைத் திறந்துவைத்துப் பேசப்போகின்றேன். ஆண்கள் வெட்கப்பட்டு எழுந்துபோக வேண்டியதில்லை. இந்தப் பேச்சில் பாதி உங்களுக்காகவேதான்.

நான் சொல்லவந்தது, ஜனங்கள் "நீர்க்கட்டி" என்றும், டாக்டர்கள் "பி.சி.ஓ.எஸ்." என்றும், ஸ்கேன் சீட்டில் "பி.சி.ஓ.டி." என்றும் சொல்லுகின்ற கோளாறைப்பற்றியும், அதற்குள்ள வைத்தியங்களைப்பற்றியுமாகும்.

ஒரு வீட்டில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் மேல்மலையனூர் போகும் வழியிலுள்ள ஒரு கிராமத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பத்தாவது வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியவள். அவள் வயதுக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் மாதவிலக்கு மூன்று மாதத்திற்கு ஒருதரம், நாலு மாதத்திற்கு ஒருதரம் என்று வந்தது. வந்தாலோ பத்து நாளானாலும் நிற்பதில்லை. முகமெல்லாம் பரு, மோவாயிலும் மேலுதட்டிலும் கறுத்த மயிர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

தாயார் முதலில் என்னிடம் வரவில்லை. ஜோசியரிடம் போனார். அவர் நாகதோஷம் என்றார். அரசமரத்தடியில் நாகர் சிலை வைக்க ஒரு தொகை செலவாயிற்று. பிறகு மூன்று அமாவாசைகள் மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்திற்குப் போய் இரவெல்லாம் கண்விழித்து வந்தார்கள். மாதவிலக்கு மட்டும் வரவில்லை. கடைசியில் டவுனில் ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்ததில், சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாகச் சீட்டு வந்தது. அதைப் பார்த்த ஒருவர், "பயப்படாதீர்கள், கலியாணத்தைப் பண்ணி வையுங்கள், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்றாராம். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் நின்றது. மாமன் மகனைப் பேசி முடித்தார்கள்.

எனக்குச் செய்தி தெரிந்து ஓடினேன். 18 வயதிற்கு முன் பெண்ணுக்குக் கலியாணம் செய்வது 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். அதற்கு அந்தத் தாயார் சொன்ன பதில் இன்னமும் என் காதில் இருக்கின்றது.

"நாங்க இன்னா ஆசைக்காம்மா பண்றோம்? வைத்தியத்துக்குத்தானேம்மா பண்றோம்!"

தோழர்களே! அந்த அம்மாளை நான் குற்றஞ் சொல்லமாட்டேன். தோஷத்திற்குப் பணம் கொடுத்தபோதும் சரி, கலியாணத்திற்குப் பந்தல்கால் தேடியபோதும் சரி, மகளுக்குச் சுகம் வரவேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் கலியாணம் ஒரு மருந்தா? காய்ச்சலுக்குக் கலியாணம் செய்து வைக்கிறோமா? சர்க்கரை வியாதிக்காரருக்கு மாப்பிள்ளை தேடினால் சர்க்கரை இறங்குமா? பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கின்ற கோளாறு என்றவுடன் மாத்திரம் நமது புத்தி ஏன் முகூர்த்தப் பந்தலுக்கு ஓடவேண்டும் என்று கேட்கின்றேன்.

இது என்ன கோளாறு?

முதலாவது, நீர்க்கட்டி என்கின்ற பெயரே தப்பானது. அது கட்டியல்ல. பெண்ணின் இரண்டு சினைப்பைகளிலும் பிறந்தது முதலே கணக்கற்ற கருமுட்டைகள் இருக்கின்றன. மாதந்தோறும் சில முட்டைகளைச் சுற்றியுள்ள சிறு நீர்ப்பைகள் வளரத் தொடங்கி, அவற்றில் ஒன்று முற்றி வெடித்து முட்டை வெளிவரும். இந்தக் கோளாறு உள்ளவர்களிடத்தில் அவை கொஞ்சம் வளர்ந்து பாதியில் நின்றுவிடுகின்றன. நின்றுபோன அந்தச் சிறு பைகள்தான் ஸ்கேனில் முத்துமுத்தாய்த் தெரிகின்றன. ஆகவே "கட்டி இருக்கிறது, வெட்டி எடுக்கவேண்டும்" என்று எவராவது சொன்னால், பயந்து உடனே சம்மதித்துவிடாமல், ஏன், எதற்கு என்று கேளுங்கள்.

ஏன் பாதியில் நிற்கின்றன? இதை நமதூர்க் கோட்டையை வைத்தே சொல்லுகிறேன். 2025 ஜூலையில் உலக பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இந்தக் கோட்டையையும் சேர்த்துவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ராஜகிரியின் அடியில் பெரிய நெற்களஞ்சியம் பார்த்திருப்பீர்கள். வண்டி வண்டியாய் நெல் வந்து வாசலில் நிற்கின்றது. பூட்டோ துருப்பிடித்துத் திறக்க மறுக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல்காரன் என்ன செய்வான்? ஒரு ஆள் போதாதென்று பத்து ஆள் சாவியோடு அனுப்புவான். நாம் தின்னும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் வருகின்றது. அதை உடம்பின் தசைக்குள் சேர்க்கும் சாவிக்காரன் இன்சுலின். இந்தக் கோளாறுள்ள அநேகரிடத்தில் பூட்டு இறுகிப்போவதால் உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. அப்படி அதிகமாய் வந்த இன்சுலின் சும்மா இருப்பதில்லை. சினைப்பையையும் போய்த் தூண்டுகின்றது. அதனால் எல்லாப் பெண்களின் உடம்பிலும் சொற்பமாய் இருக்கவேண்டிய ஆண்தன்மைச் சுரப்பு அதிகமாகின்றது. பருவும், மோவாய் மயிரும், தலைமயிர் கொட்டுவதும், முட்டை முற்றாமல் நிற்பதும் இதனால்தான். முட்டை வெளிவராதபோது மாதவிலக்கு ஒழுங்காய் வருவதில்லை.

இதில் நாகம் எங்கே வந்தது? எந்த ஜன்மத்துப் பாவம் எங்கே வந்தது? குடும்பத்தில் பலருக்கும் வருகின்ற உடல்வாகு உண்டு. உண்பதும் உழைப்பதும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இவ்வளவுதான் விஷயம். ஒல்லியாய் இருப்பவர்களுக்கும் இது வருகின்றது. ஆகையால் "தின்று தின்று வரவழைத்துக்கொண்டாள்" என்று ஏசுவதும் நாகதோஷத்தைப் போன்ற பைத்தியக்காரத்தனம்தான்.

உலகில் பிள்ளைபெறும் வயதுள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நமது தேசத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 18 முதல் 40 வயது வரையுள்ள 9,800 பெண்களுக்கு மேல் பரிசோதித்து 2024இல் வெளியிட்ட முடிவில், இப்பொழுது பெரும்பாலும் கையாளுகின்ற இலக்கணப்படி 100க்கு 19.6 பேர் என்று கண்டார்கள். கடுமையான பழைய இலக்கணப்படி பார்த்தாலும் 100க்கு 7 பேருக்கு மேல். அப்படியானால் இந்தப் பந்தலில் இருக்கும் தாய்மார்களிலும் பலருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் உலகில் இது உள்ளவர்களில் 100க்கு 70 பேர் வரை தங்களுக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இது புதிய வியாதியல்ல. 1721லேயே வல்லிஸ்னேரி என்ற இத்தாலிய வைத்தியர், பிள்ளையில்லாத ஒரு குடியானவப் பெண்ணின் சினைப்பை புறாமுட்டை போல் வெளுத்துப் பருத்து இருந்ததாக எழுதி வைத்தார். 1935இல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் இப்படிப்பட்ட ஏழு பெண்களைப்பற்றி எழுதினார்கள். சினைப்பையில் ஒரு துண்டை அறுத்தெடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிலக்கு வந்தது. இரண்டு பேர் கருவுற்றார்கள். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் தெரியும். கத்தியைத் தவிர வேறு வழியில்லை.

இப்பொழுது கண்டுபிடிக்கும் முறை 2003இல் ராட்டர்டாம் நகரத்தில் கூடி வகுத்தது. மாதவிலக்கு ஒழுங்கின்மை ஒன்று. ஆண்தன்மைச் சுரப்பு மிகுதி ஒன்று. ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஒன்று. வேறு வியாதி இல்லையென்று பார்த்துவிட்டு, இந்த மூன்றில் இரண்டு இருந்தால் இந்தக் கோளாறு என்று பெயர். ஸ்கேனுக்குப் பதிலாய் ஒரு இரத்தப் பரிசோதனையையும் வயது வந்தவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டி சொல்லுகின்றது.

இதில் தாய்மார்கள் கவனிக்கவேண்டியது இரண்டு. ஒன்று, வயதுக்கு வந்த எட்டு வருஷத்திற்குள் உள்ள சிறு பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்த வயதில் நல்ல சினைப்பையும் அப்படித் தோன்றக்கூடும். அவர்களுக்கு மாதவிலக்குக் கோளாறும் ஆண்தன்மைச் சுரப்பும் இரண்டும் இருந்தால்தான் முடிவு. ஸ்கேன் என்றால் உள்வழியாய்ச் செய்வார்களே என்று பயந்து பெண்ணை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போகாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வேண்டியதில்லை. இரண்டு, வயதுக்கு வந்த முதல் வருஷம் மாதவிலக்கு முன்பின்னாய் வருவது சகஜம். மூன்று வருஷத்திற்குப் பிறகும் 35 நாளைக்கு மேல் தள்ளிப்போய்க் கொண்டிருந்தாலும், 15 வயதாகியும் வயதுக்கு வராமல் இருந்தாலும், டாக்டரிடம் காட்டவேண்டும். தைராய்டு கோளாறும் இதே மாதிரி வேஷம் போடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று குரல் கம்மி, சில மாதங்களுக்குள் மயிர் மிகுதியாய் வளர்ந்தால் தாமதிக்கவே கூடாது.

வைத்தியம் என்ன?

இந்தக் கோளாறை அடியோடு போக்கும் மருந்து ஒன்றும் கிடையாது. "48 நாளில் நீர்க்கட்டி கரையும்" என்று செல்போனில் விளம்பரம் செய்கிறவன் உங்கள் பணத்தைத்தான் கரைக்கிறான். ஆனால் சர்க்கரை வியாதியையும் இரத்தக் கொதிப்பையும் அடக்கி வைத்துக்கொண்டு சுகமாய் வாழ்வதுபோல் இதையும் அடக்கி வைத்துக்கொண்டு வாழலாம். மருந்து பல இருக்கின்றன. எது வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்கு இப்பொழுது என்ன தொந்தரவு, அவளுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. மாமியாருக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்ததல்ல.

முதலாவது, உணவும் உழைப்பும். இது எல்லாருக்கும் பொது. துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் போடுவது இதுதான். வாரத்தில் 150 நிமிஷமாவது, கூடுமானால் 300 நிமிஷம், மூச்சு வாங்கும்படி நடக்கவோ, சைக்கிள் விடவோ, விளையாடவோ வேண்டும். பருத்தவர்கள் எடையில் 100க்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகின்றது. விசேஷமான உணவு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. சோற்றைக் குறைத்து, பயறு, காய், கீரை, முட்டை, நமதூர் வேர்க்கடலை இவைகளைச் சேர்த்துக்கொண்டு, கலர் தண்ணீரையும் பேக்கரிப் பண்டத்தையும் விட்டால் போதும். ஆனால் ஒன்று கேட்கிறேன். பெண் வயதுக்கு வந்தவுடன் "தெருவில் ஓடாதே, சைக்கிள் விடாதே, விளையாடாதே" என்று உட்கார வைக்கிறவர்கள் யார்? நாம்தானே! உட்கார வைத்ததும் நாம். பருத்துவிட்டாள் என்று பழிப்பதும் நாம்.

இரண்டாவது, மாதவிலக்கை ஒழுங்கு செய்யும் மாத்திரைகள். மாதக்கணக்காய் விலக்கு வராவிட்டால் கருப்பையின் உட்புறத் தோல் தடித்துக்கொண்டே போகின்றது. வருஷக்கணக்காய் அப்படியே விட்டால் பிற்காலத்தில் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடிய வாய்ப்பு அதிகமாகின்றது. எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை, ஆனால் தடுக்கக்கூடியதை ஏன் விடவேண்டும்? ஆகையால் மூன்று மாதத்திற்கு ஒருமுறையாவது விலக்கு வரும்படி புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையைச் சில நாட்களுக்குக் கொடுப்பார்கள். அல்லது இரண்டு சுரப்புகள் சேர்ந்த கர்ப்பத்தடை மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பார்கள். பின்னது பருவையும் மயிரையும்கூடக் குறைக்கும்.

கர்ப்பத்தடை மாத்திரை என்று சொன்னவுடன் தாய்மார்கள் முகம் மாறுகின்றது. "கலியாணம் ஆகாத பெண்ணுக்கு அதைக் கொடுப்பதா? நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்?" என்கிறார்கள். மாத்திரைக்கு ஒழுக்கம் தெரியாது, தாயே! அது சுரப்பு. வயிற்றுவலிக்குத் தின்றாலும் ஒன்றுதான், பருவுக்குத் தின்றாலும் ஒன்றுதான். அதனால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்பதும் பொய். நிறுத்தினால் அதன் வேலை நின்றுபோகும். கர்ப்பத்தடை என்ற வார்த்தையைச் சொல்லவே ஜனங்கள் கூசிய 1930களில் நமது பத்திரிகைகள் அதைப்பற்றி வெளிப்படையாய் எழுதின. அந்தப் பத்திரிகையைப் படிக்கின்ற வீட்டிலேயே இன்று மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பதென்றால் வெட்கப்படவேண்டியது யார்? ஆனால் கடையில் தானாய் வாங்கித் தின்னாதீர்கள். இரத்தம் உறையும் கோளாறு, இரத்தக் கொதிப்பு, கண்முன் மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, மெட்பார்மின். இதைச் சர்க்கரை மாத்திரை என்று எல்லோரும் அறிவீர்கள். பூட்டை இளக்கும் வேலையைச் செய்வது. "எனக்குச் சர்க்கரை இல்லையே, ஏன் கொடுத்தார்கள்?" என்று தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான். விலையும் மலிவு. ஆரம்பத்தில் வயிறு கலங்கும். சாப்பாட்டோடு சிறிது சிறிதாய்க் கூட்டினால் பெரும்பாலும் சரியாய்ப் போகும்.

நான்காவது, முகத்து மயிருக்கு. சுரப்பு மாத்திரை பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும். ஆண்தன்மைச் சுரப்பைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளும் உண்டு. ஆனால் அவை வயிற்றிலுள்ள கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆகையால் கர்ப்பம் வராதபடி பார்த்துக்கொண்டுதான் தின்னவேண்டும். லேசர் வைத்தியமும் உண்டு. "மயிருக்கு வைத்தியம் என்ன, அலங்காரமா?" என்று கேட்கிறவர்கள், மோவாயை முந்தானையால் மூடிக்கொண்டு கல்லூரிக்குப் போகின்ற பெண்ணின் மனதை ஒருநாள் எண்ணிப் பார்க்கட்டும். இந்தக் கோளாறுள்ளவர்களுக்கு மனச்சோர்வும் கவலையும் அதிகம். அதையும் வியாதியின் பாகமாகவே கேட்டு வைத்தியம் செய்யவேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லுகின்றன.

பிள்ளை வேண்டுமென்றால்?

ஐந்தாவது, பிள்ளை விஷயம். இந்தக் கோளாறுள்ளவர்களில் பெரும்பாலோர் தாயாகலாம். பலருக்குத் தானாகவே கரு உண்டாகும். உண்டாகாவிட்டால் முட்டையை முற்றச் செய்யும் மாத்திரைகள் இருக்கின்றன. 1960களிலிருந்து வழக்கிலிருப்பது குளோமிபின். அதைவிட மேலானது லெட்ரசோல் என்று அமெரிக்காவில் 750 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள்: லெட்ரசோல் தின்றவர்களில் 100க்கு 27.5 பேருக்கும், குளோமிபின் தின்றவர்களில் 19.1 பேருக்கும் குழந்தை பிறந்தது.

இந்த லெட்ரசோலின் கதையை நீங்கள் கேட்கவேண்டும். 2005இல் ஒரு மாநாட்டில், இதனால் குழந்தைக்கு ஊனம் வருமோ என்று ஒரு சந்தேகம் கிளம்பிற்று. நமது சர்க்கார் 2011இல் பிள்ளைப்பேற்றுக்காக இதைக் கொடுக்கக்கூடாது என்று தடை போட்டது. பிறகு பெரிய பெரிய ஆராய்ச்சிகளில் அந்தச் சந்தேகம் நிலைக்கவில்லை. 2017இல் தடையை எடுத்துவிட்டார்கள். இப்பொழுது இதுவே முதல் மருந்து. "பார்த்தீர்களா, விஞ்ஞானம் மாற்றி மாற்றிப் பேசுகிறது" என்று சிலர் சிரிக்கிறார்கள். நான் சொல்லுகிறேன், அதுதான் அதன் யோக்கியதை! தப்பு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளுகின்றது. நாகதோஷப் பரிகாரம் பலிக்கவில்லை என்று எந்த ஜோசியராவது பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுண்டா?

மாத்திரையால் ஆகாவிட்டால் ஊசிகள் உண்டு. சிறு துளை வழியாய்க் குழாய் விட்டு சினைப்பையில் சில புள்ளிகளைச் சுடும் சிகிச்சை உண்டு. கடைசியாகச் செயற்கைக் கருத்தரிப்பு உண்டு. கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்யச் சொல்லி, நிலத்தை அடகு வைக்கச் செய்கிற இடங்களும் உண்டு. 2021ஆம் வருஷத்துச் சட்டப்படி செயற்கைக் கருத்தரிப்பு நிலையங்கள் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இப்பொழுது ஆண் தோழர்களுக்கு. பிள்ளையில்லாத வீடுகளில் ஏறக்குறைய பாதியில் ஆணிடத்திலும் குறை இருக்கின்றது. ஒரு வீட்டில் நான்கு வருஷம் மருமகளை மலடி என்று ஏசி, கோயில் கோயிலாய் இழுத்து, பிறகு நீர்க்கட்டி என்று பெயர் கிடைத்ததும் "அதுதான் பார்த்தாயா" என்று இரண்டாம் பெண் பார்க்கப் போனார்கள். நான் சண்டை போட்டு மகனை விந்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அணு மிகவும் குறைவு. இருவருக்கும் வைத்தியம் தேவையாயிருந்தது. அந்தப் பரிசோதனைக்கு ஆன செலவு நாகர் சிலையின் செலவில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதைச் செய்ய நான்கு வருஷம் ஆயிற்று. ஏன்? ஆண்பிள்ளையின் கௌரவமாம்! பெண்ணுக்குக் கௌரவம் கிடையாதா?

கருவுற்ற பிறகும் கவனம் வேண்டும். இவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருவது அதிகம். சென்னை டாக்டர் வீ. சேஷய்யா அவர்கள் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் சோதனை. வெறும் வயிற்றோடுதான் வரவேண்டும் என்பதில்லை. அதைத் தட்டாமல் செய்துகொள்ளுங்கள்.

நாட்டு மருந்து

கழற்சிக்காய்ப் பொடியும் மிளகும் தின்றால் நீர்க்கட்டி போகும் என்று நமது பக்கத்தில் எல்லோரும் சொல்லுகிறார்கள். நான் அதை ஏளனம் செய்யவில்லை. மெட்பார்மினும் ஆதியில் ஒரு செடியைப்பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். ஆனால் கழற்சிக்காயை மனிதரிடத்தில் போதுமான அளவு சோதித்து நிலைநாட்டவில்லை. இங்கிலீஷ் கடையில் அதிக விலைக்கு விற்கும் இனோசிட்டால் பொடிக்கும் ஆதாரம் குறைவுதான். நாட்டு மருந்தானாலும் சீமை மருந்தானாலும் நமது கேள்வி ஒன்றே: எத்தனை பேருக்குக் கொடுத்தாய், எத்தனை பேருக்குக் குணமாயிற்று, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டாயா? இதற்குப் பதில் இருந்தால் தின்போம்.

குழந்தைக்காக மட்டுமா?

கடைசியாக, என் மனதை உறுத்துவது ஒன்று. இந்தக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் சண்டையில் மாண்டபோது அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்று நாம் கதை கதையாய்ச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். கணவன் இல்லாவிட்டால் அவள் உடம்பினால் என்ன பிரயோஜனம் என்ற எண்ணந்தானே அது? இன்று நெருப்பு இல்லை. ஆனால் அந்த எண்ணம் போய்விட்டதா? மாதவிலக்கு வராத பெண்ணைக் கலியாணம் நிச்சயமாகும் வரை ஒருவரும் கவனிப்பதில்லை. பிள்ளை பிறந்தவுடன் அவள் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள், "இனி எதற்கு?" என்று. பிள்ளை பிறப்பதால் இந்தக் கோளாறு போவதில்லை, தாய்மார்களே! வயது ஏற ஏற மாதவிலக்கு ஓரளவு ஒழுங்காகலாம். ஆனால் சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு கூடவே வருகின்றது. அவள் கலியாணம் செய்யாமல் இருந்தாலும், பிள்ளை வேண்டாமென்று இருந்தாலும், ஐம்பது வயதானாலும் அந்த உடம்பு அவளுடையது, வைத்தியம் அவளுக்காக.

அந்த மேல்மலையனூர் வழிப் பெண்ணைப்பற்றிக் கேட்பீர்கள். கலியாணத்தை நிறுத்த இரண்டு மாதம் அந்த வீட்டு வாசலுக்கு நடந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரையும் நடையும் சேர்ந்து ஒரு வருஷத்தில் மாதவிலக்கு ஒழுங்காயிற்று. மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பிறகு கல்லூரியும் முடித்து இப்பொழுது வேலைக்குப் போகிறாள். கலியாணம் ஆயிற்றா என்று கேட்காதீர்கள். அது அவள் இஷ்டம். அவள் தாயார்தான் இன்று அந்தத் தெருவில் மற்ற பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போகிறார்.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வதெல்லாம் இவ்வளவுதான். வீட்டில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஜோசியரிடம் போகுமுன் உங்கள் ஊர்ச் செவிலியிடம் வாருங்கள். எடை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தைராய்டு பாருங்கள். மேற்கொண்டு வேண்டுமானால் செஞ்சி அரசு ஆஸ்பத்திரியும், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். ஓட விடுங்கள். எந்த மருந்து என்று முடிவு செய்யும்போது அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கலியாணம் வேண்டுமென்று அவள் சொன்னால், வயதும் வந்திருந்தால், சந்தோஷமாய்ச் செய்யுங்கள். மருந்தாக மட்டும் செய்யாதீர்கள்.